ஆர்கான் இருக்கும்போது செனான் எதற்கு? சிறுகோளுக்குப் போகும் அயனி எஞ்சின் பற்றிச் சில கேள்விகள்

முதுநகர் வெல்டர்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். சிப்காட் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வேலை. கெமிக்கல் கம்பெனிகளுக்குப் போகும் எஸ்.எஸ். பைப், டேங்க் ஜாயின்ட் எல்லாம் அடித்துக் கொடுப்போம். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நாசாவின் 'டான்' விண்கலத்தைப் பற்றிச் செய்யப்போகிறாள். 2007 செப்டம்பரில் கிளம்பி, 2011இல் வெஸ்டாவைச் சுற்றி, அதை விட்டு விலகி, 2015 மார்ச்சில் செரிஸுக்குப் போனது. இரண்டுமே செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் சிறுகோள் பட்டையில் இருப்பவை.

அவள் நோட்டில் எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. கலத்தின் எடை கிளம்பும்போது 1,218 கிலோ. எஞ்சினின் தள்ளுவிசை அதிகபட்சம் 91 மில்லிநியூட்டன். நான் கிராம் கணக்கில் மாற்றிப் பார்த்தேன், ஒன்பது கிராம் சொச்சம் வருகிறது. ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் இரண்டை உள்ளங்கையில் வைத்தால் என்ன கனமோ அவ்வளவுதான். ஒரு டன்னுக்கு மேல் உள்ள சாமானை இந்த விசை எப்படி அவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

இரண்டாவது கேள்வி என் தொழிலை ஒட்டியது. அந்த எஞ்சினுக்குப் போடுவது செனான் வாயு. டார்ச் சுவிட்சை அழுத்தியதும் டங்ஸ்டன் ஊசி முனையிலிருந்து ஜாபுக்கு, அதாவது ஒட்டவேண்டிய உலோகத்துக்கு, ஆர்க் பிடிக்கிறது இல்லையா, அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் ஆர்கான் அயனியாகித்தான் மின்சாரம் ஓடுகிறது என்று வேலை பழகும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். ஆர்கான் எங்கேயும் கிடைக்கிறது. செனானோ அபூர்வம், விலையும் அதிகம் என்கிறார்கள். ஆர்கானே அயனியாகும்போது எதற்குச் செனான்?

மூன்றாவது, தேய்மானம். ஊசி முனை மழுங்கிவிட்டால் ஆர்க் அலையும். ஒரே நாளில் எத்தனையோ தடவை சாணை பிடிப்போம். அங்கே எஞ்சின் வருடக்கணக்கில் ஓடுகிறது. யார் போய்ச் சாணை பிடிப்பது? பிள்ளைக்குச் சொல்லவேண்டும், எனக்கும் தெரியவேண்டும். தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள்.

பண்ருட்டி மெக்கானிக்கல்:

அண்ணே, முதல் கேள்விக்கு மட்டும் என்னால் சொல்லமுடியும். விசை சின்னதுதான், ஆனால் விண்வெளியில் உராய்வு இல்லை, கொடுத்த வேகம் அப்படியே தங்கும். 91 மில்லிநியூட்டனை 1,218 கிலோவால் வகுத்து, ஒரு நாளைக்கு 86,400 வினாடி என்று பெருக்கிப் பாருங்கள். நாளொன்றுக்கு வினாடிக்கு ஆறரை மீட்டர் அளவு வேகம் கூடும். நான்கு நாளில் நம் பஸ் ஈ.சி.ஆரில் போவதைவிட அதிக வேகம். அதையே மாதக்கணக்கில் நிறுத்தாமல் செய்தால் வினாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வந்துவிடும். டான் கலம் தன் ஆயுளில் மொத்தம் ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் எஞ்சினை ஓட்டி, வினாடிக்கு 11 கி.மீ.க்கு மேல் வேகமாற்றம் செய்தது.

இந்த எஞ்சினைத் தரையிலிருந்து கிளம்பப் பயன்படுத்த முடியாது. தன் எடையையே தூக்காது, காற்று இருக்கும் இடத்தில் வேலையும் செய்யாது. டான் மேலே போனது டெல்டா 2 ராக்கெட்டில்.

ஆர்கான் பற்றி: ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் முதலில் கிரிப்டான் போட்டார்கள், 2023இலிருந்து ஆர்கானுக்கே மாறிவிட்டார்கள். ஆக உங்கள் கேள்வி நியாயமானது. டானுக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

காலாப்பட்டு லேப்:

அண்ணா, வணக்கம். நான் புதுச்சேரி. காலாப்பட்டுப் பக்கம் ஒரு இயற்பியல் லேபில் டெக்னீஷியன். மெல்லிய படலம் பூசும் ஸ்பட்டரிங் சேம்பர் என் பொறுப்பு. அதிலும் ஆர்கான்தான் ஓடுகிறது. அதனால் நீங்கள் கேட்ட மூன்றுமே எனக்குத் தினமும் கண்ணில் படும் விஷயங்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு உலோகக் கிண்ணத்துக்குள் செனானைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். உள்ளே ஒரு கேத்தோடு எலக்ட்ரான்களைக் கொட்டுகிறது. எலக்ட்ரான் ஒன்று செனான் அணுவில் மோதி அதிலிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட்டால் அணு அயனியாகிறது. கிண்ணத்தின் வாயில் மாலிப்டினத்தில் செய்த இரண்டு தகடுகள் அடுத்தடுத்து இருக்கும். ஆயிரக்கணக்கான துளைகள், இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடைவெளியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். துளைக்கு வந்த அயனி வினாடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் வெளியே பாய்கிறது. எரிபொருளை எரித்து ஓடும் ராக்கெட்டில் வாயு வெளிவருவது வினாடிக்கு மூன்றிலிருந்து நாலரை கி.மீ. வேகத்தில். பத்து மடங்கு வேகமாக வீசினால் அதே தள்ளுதலுக்குப் பத்தில் ஒரு பங்கு பொருள் போதும். அயனி எஞ்சினின் முழு லாபமும் இதில்தான் இருக்கிறது.

எவ்வளவு குறைவு என்று உங்கள் டார்ச்சை வைத்தே சொல்கிறேன். நீங்கள் ஃப்ளோமீட்டரில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வைத்து அடிப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்குப் பதினாறு கிராம் போல வரும். டானின் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு நாள் முழுக்கக் குடிப்பது 280 கிராம். நீங்கள் ஒரு ஜாயின்ட்டில் பதினேழு பதினெட்டு நிமிடம் டார்ச்சைப் பிடித்திருந்தால் அவ்வளவு ஆர்கான் போய்விடும்.

சரி, ஆர்கானா செனானா? ஆர்கான் அணுவின் நிறை 40, செனான் 131. ஒரே வோல்ட்டேஜில் ஒரே மின்திறனைச் செலவழித்தால் கனமான அணு மெதுவாகப் போகும், ஆனால் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் தள்ளுவிசை கூடும். வர்க்கமூலக் கணக்குப்படி செனானுக்கு ஏறத்தாழ 1.8 மடங்கு. அப்புறம், அயனியாக்கவே ஒரு செலவு உண்டு. ஆர்கானிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 15.8 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், செனானுக்கு 12.1 போதும். டானின் சூரியத் தகடுகள் பூமி இருக்கும் தூரத்தில் பத்து கிலோவாட் தந்தன. சிறுகோள் பட்டைக்குப் போகப் போக அது 1.3 கிலோவாட்டுக்கு இறங்கிவிட்டது. அங்கே ஒவ்வொரு வாட்டும் கணக்கில் வரும்.

மின்சாரத்தைவிடப் பெரிய பிரச்சினை பாத்திரம். உங்கள் பட்டறையில் நிற்கும் ஏழு கன மீட்டர் சிலிண்டரில் ஆர்கான் பன்னிரண்டு கிலோகூட இருக்காது. இரும்பு மட்டும் ஐம்பது கிலோவுக்கு மேல். டான் எடுத்துப்போன 425 கிலோவை ஆர்கானாக எடுத்துப்போக அந்த மாதிரி முப்பத்தாறு சிலிண்டர் வேண்டும். விண்கலத்தில் எடை குறைந்த டேங்க் போடலாம்தான், ஆனாலும் இடம் இடம்தான். செனான் அப்படியில்லை. சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்தம் கொடுத்தால் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியாகிவிடும். 425 கிலோ செனான் 270 லிட்டர் டேங்க் ஒன்றில் அடங்கியது. காற்றில் ஆர்கான் நூற்றுக்கு ஒன்று என்றால் செனான் ஒரு கோடிக்கு ஒன்றுகூட இல்லை, அதனால்தான் அந்த விலை. ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள் விடுகிறவர்களுக்கு அந்த விலை கட்டாது, ஆர்கானுக்குப் போகிறார்கள். ஒரே ஒரு கலத்தைச் செரிஸ் வரை அனுப்புகிறவர்களுக்கு எடையும் இடமும்தான் காசு.

இனி தேய்மானம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஸ்பட்டரிங் என்றாலே அயனியை விட்டு உலோகத்தைச் செதுக்குவதுதான். எங்கள் செம்பு டார்கெட்டை, அதாவது அயனி மோதிச் செதுக்கும் தகட்டை, கழற்றிப் பார்த்தால் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், விரல் நகம் இறங்கும் ஆழத்துக்கு. சேம்பர் சுவரில் செம்பு செதில் செதிலாகப் படிந்திருக்கும். இதெல்லாம் வெறும் சில நூறு வோல்ட் ஆர்கான் செய்கிற வேலை. எங்களுக்கு வேண்டிய இந்த வேலையே அயனி எஞ்சினுக்கு எமன். வெளியே போகவேண்டிய அயனிகளில் சில திரும்பி வந்து வெளித்தகட்டில் மோதும், துளைகள் மெல்ல மெல்ல அகலமாகும். அதனால் டானுக்கு முன் 1998இல் கிளம்பிய 'டீப் ஸ்பேஸ் 1' கலத்தின் உபரி எஞ்சினை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் வெற்றிடத் தொட்டியில் வைத்து ஓட்டோ ஓட்டென்று ஓட்டினார்கள். 30,352 மணி நேரம். 2003இல் தாங்களாகத்தான் நிறுத்தினார்கள், அது நின்றுபோகவில்லை. டானில் ஒரே மாதிரி மூன்று எஞ்சின் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்டினார்கள். சாணை பிடிக்க ஆள் கிடையாது என்பதற்கு அதுதான் பதில்.

உங்கள் ஊசி அங்கேயும் உண்டு அண்ணா. சிவப்பு முனை ஊசியில் தோரியம் ஆக்சைடு கலப்பது எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பட்டும் என்றுதானே. அந்த எஞ்சினின் கேத்தோடிலும் டங்ஸ்டன்தான், அதே காரணத்துக்காகப் பேரியம் சேர்மத்தை ஊறவைத்திருப்பார்கள். அதற்கு ஈரமும் ஆக்சிஜனும் ஆகாது. நவம்பர் மழையில் எங்கள் சேம்பரைத் திறந்து மூடினால் சுவரில் ஒட்டிய ஈரம் போகவே பம்ப் மணிக்கணக்கில் இழுக்கும். கடலோரத்தில் வெற்றிட வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கேத்தோடை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்பது நன்றாகப் புரியும்.

கடைசியாக ஒன்று, உங்கள் மகள் கட்டாயம் சொல்லவேண்டியது. எஞ்சினுக்கு வெளியே இன்னொரு எலக்ட்ரான் குழாய் இருக்கும், நியூட்ரலைசர் என்பார்கள். பாசிட்டிவ் அயனியை மட்டும் வீசிக்கொண்டே இருந்தால் கலம் நெகட்டிவாகி, வீசிய அயனியைத் தானே பின்னால் இழுக்கும். அதனால் வீசும் கற்றையோடு அதே அளவு எலக்ட்ரானையும் அனுப்பவேண்டும். ஜப்பானின் 'ஹயபுசா' வீடு திரும்பியதே இதை வைத்துத்தான். 2003இல் கிளம்பி 2005இல் இடோகாவா என்ற அரை கிலோமீட்டர் நீளச் சிறுகோளைத் தொட்ட கலம் அது. அதன் நான்கு எஞ்சின்களிலும் ஊசியே கிடையாது, மைக்ரோவேவ் வைத்து அயனியாக்கினார்கள், தேயும் பாகம் குறையட்டும் என்று. அப்படியும் 2009 நவம்பரில், திரும்பும் வழியில், நியூட்ரலைசர்கள் வரிசையாகச் சோர்ந்துவிட்டன. ஏ எஞ்சின் ஆரம்பத்திலேயே சரியில்லாததால் ஒதுக்கி வைத்திருந்தார்கள், அதனால் அதன் நியூட்ரலைசர் புதிதுபோல் இருந்தது. பி எஞ்சினின் அயனி பாகம் நன்றாக இருந்தது. ஏவின் நியூட்ரலைசரையும் பியின் அயனி பாகத்தையும் சேர்த்து ஒரே எஞ்சினாக ஓட்டினார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கலத்தில் ஒயரை யார் மாற்றுவது? கலம் கட்டும்போதே குனினாகா என்ற பொறியாளரின் அணி இரண்டையும் இணைக்க ஒரு டயோடைச் சர்க்யூட்டில் வைத்திருந்தது. அந்தச் சின்ன டயோடு இல்லையென்றால் 2010 ஜூன் 13 அன்று ஆஸ்திரேலியாவின் ஊமரா பாலைவனத்தில் சிறுகோளின் துகள்களைச் சுமந்து வந்த குடுவை விழுந்திருக்காது. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். கண்காட்சியில் ஆர்க் அடித்துக் காட்டலாம் என்று நினைத்தால் வேண்டாம், பிள்ளைகள் கண்ணாடி இல்லாமல் பார்ப்பார்கள். சாணை பிடித்த ஊசியையும் மழுங்கிய ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், போதும்.

நெய்வேலி டர்பைன்:

நல்ல விளக்கம் மேடம். ஆனால் அயனி எஞ்சின் இல்லாமல் சிறுகோளுக்குப் போக முடியாது என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. நாசாவின் 'ஓசைரிஸ்-ரெக்ஸ்' கலம் 2016இல் கிளம்பி, பென்னு என்ற சிறுகோளில் 2020இல் மண் எடுத்து, 2023 செப்டம்பரில் 121 கிராம் சொச்சத்தைப் பூமியில் இறக்கிவிட்டது. அதில் அயனி எஞ்சின் கிடையாது, ஹைட்ரசீன் என்ற ரசாயன எரிபொருள்தான். டான் வெஸ்டாவுக்குப் போகவே கிட்டத்தட்ட நான்கு வருடம் எடுத்தது. இத்தனை மெதுவான எஞ்சினில் ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்ற கவலையும் உண்டு. பவர் பிளான்ட்டில் வேலை செய்தவன், எது எப்போது ட்ரிப் ஆகும் என்று முதலில் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

காலாப்பட்டு லேப்:

சார், நீங்கள் சொன்னதில் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பென்னு பூமியின் சுற்றுப்பாதைக்கு அருகிலேயே இருக்கிறது, போகவேண்டியதும் அந்த ஒரு இடத்துக்குத்தான். அதற்கு ஹைட்ரசீன் போதும். ஆனாலும் எடையைப் பாருங்கள். ஓசைரிஸ்-ரெக்ஸ் காலியாக 880 கிலோ, எரிபொருள் நிரப்பியதும் 2,110 கிலோ. பாதிக்கு மேல் எரிபொருள். டானின் கதை வேறு. பட்டைக்குள் போய், ஒன்றைச் சுற்றி, அதை விட்டு வெளியேறி, இன்னொன்றைச் சுற்றவேண்டும். வினாடிக்கு 11 கி.மீ. வேகமாற்றத்தை ஹைட்ரசீனில் செய்யக் கணக்குப் போட்டால் பல பத்து டன் எரிபொருள் வருகிறது. அப்படி ஒரு கலத்தை யாரும் அனுப்பப்போவதில்லை. பூமியைத் தவிர வேறு இரண்டு உலகங்களைச் சுற்றிய முதல் கலம் டான்தான். அது இந்த எஞ்சினால் மட்டுமே நடந்தது.

ட்ரிப் ஆவது பற்றிய உங்கள் கவலை சரியானது, அது நடந்தும் இருக்கிறது. 2014 செப்டம்பரில் செரிஸை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு காஸ்மிக் துகள் பட்டு எஞ்சின் நின்றது. கூடவே ஆண்டெனா பக்கமும் ஒரு கோளாறு. சரிசெய்து திரும்ப ஓட்ட நாலு நாள் ஆயிற்று. எரிபொருள் ராக்கெட்டில் நாலு நாள் பெரிய விஷயமில்லை. இங்கே அந்த நாலு நாள் தள்ளுதலை ஈடுகட்ட, செரிஸைப் பிடிக்கும் பாதையையே மாற்றிப் போடவேண்டி வந்தது. டான் ஓடும்போது ஆண்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்ப முடியாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. நாட்கணக்கில் அது தன்போக்கில் தள்ளிக்கொண்டே போகும், நடுவில் எஞ்சினை நிறுத்தித்தான் பேசும். கலம் தானே யோசித்து நடந்துகொள்ளாவிட்டால் இந்த எஞ்சினை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

முதுநகர் வெல்டர்:

தங்கச்சி, மிக்க நன்றி. ராத்திரி மகளோடு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். முப்பத்தாறு சிலிண்டர் கணக்கை அவளே மறுபடி போட்டுச் சரிபார்த்துவிட்டாள். டயோடு கதையைத் தனிச் சார்ட்டாக எழுதப்போகிறாளாம்.

அவள் இன்னொன்றும் கேட்கிறாள். இப்போது போய்க்கொண்டிருக்கும் 'சைக்கி' கலத்திலும் இதே எஞ்சின்தானா? அதில் கேஸ் லைனில் அழுத்தம் குறைந்தது என்று எங்கோ படித்தாளாம். எங்கள் பட்டறையில் அழுத்தம் குறைந்தால் ரெகுலேட்டரைப் பார்ப்போம், ஹோஸில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போம். அங்கே என்ன செய்தார்கள்? நம் இஸ்ரோ இதில் எங்கே இருக்கிறது?

காலாப்பட்டு லேப்:

சைக்கியில் இருப்பது ஹால் வகை எஞ்சின், அண்ணா. சல்லடைத் தகடு கிடையாது. காந்தப்புலத்தில் எலக்ட்ரான்களைச் சுழலவிட்டு, அந்த இடத்தில் உருவாகும் மின்புலத்தால் அயனியை வீசுவார்கள். வாயு இதிலும் செனான்தான், ஆயிரம் கிலோவுக்கு மேல். 2023 அக்டோபரில் கிளம்பியது. 2025 ஏப்ரலில் செனான் லைனில் அழுத்தம் திடீரென்று குறைந்தது. கலம் உடனே எஞ்சின்களைத் தானாக நிறுத்திக்கொண்டது. பொறியாளர்கள் சோதித்துப் பார்த்ததில் லைனில் ஒரு வால்வின் உட்பாகம் சரியாகத் திறக்காமல் வாயு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று தெரிந்தது. இதேபோல இன்னொரு லைனை உபரியாக வைத்திருந்தார்கள். அதற்கு மாற்றிவிட்டு ஜூன் மாதத்தில் மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். சைக்கி என்ற அந்த உலோகம் நிறைந்த சிறுகோளை 2029இல் சேருவதாகத் திட்டம்.

இஸ்ரோ 2017 மே மாதம் ஏவிய ஜிசாட்-9இல் செனான் மின் உந்து எஞ்சினைப் பயன்படுத்தியது, செயற்கைக்கோளைத் தன் இடத்தில் நிறுத்திவைக்க. இப்போது 300 மில்லிநியூட்டன் எஞ்சின் ஒன்றைச் செய்துவருகிறார்கள். டானின் எஞ்சினைவிட மூன்று மடங்கு தள்ளுவிசை. வெற்றிடத் தொட்டியில் அதை 1,000 மணி நேரம் ஓட்டிச் சோதித்ததாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். உங்கள் மகளுக்கு இதில் மேலே படிக்க விருப்பம் இருந்தால் பிளாஸ்மா இயற்பியல், வெற்றிடத் தொழில்நுட்பம் இரண்டையும் இப்போதே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லேபை நேரில் பார்க்க வேண்டுமென்றால் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வரட்டும், எங்கள் துறையில் அனுமதி கேட்டு நானே சுற்றிக் காட்டுகிறேன். சனிக்கிழமை வந்தால் சேம்பர் திறந்திருக்கும், டார்கெட்டைக் கையில் எடுத்தே பார்க்கலாம்.